விலை ரூ. 0, பத்தாண்டுச் செலவு தனி

என் மடிக்கணினியின் /பூட் பார்ட்டிஷன் 250 மெகாபைட். 2014-இல் நானே வெட்டிய அளவு; அன்றைக்கு அது தாராளம். 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான டெபியன் 13-இன் வெளியீட்டுக் குறிப்பு, /பூட் குறைந்தது 768 மெகாபைட் இருக்கட்டும், அதில் 300 மெகாபைட் அளவு காலியாக இருக்கட்டும் என்கிறது. அந்தப் பக்கத்தைப் படிக்காமல் அப்கிரேடைத் தொடங்கினேன். புதுக் கெர்னல் இறங்கி, அதற்கான இனிட்ராம் கோப்பு பாதி எழுதப்பட்ட நிலையில் இடம் தீர்ந்தது. இரவு 10:40-க்கு டெர்மினலில், வட்டில் இடம் பார்க்கும் டிஎஃப் கட்டளை கொடுத்தேன். /பூட் வரிசையில் 100% என்று நின்றது. பழைய கெர்னல்களைக் களைந்து, அறுந்த அப்கிரேடை ஒட்டவைத்து முடிக்க 1:15 ஆயிற்று. 2 மணி 35 நிமிடம். 768-இல் 250 போக 518 மெகாபைட். அதை 11 ஆண்டுக்கு முன்பே ஒதுக்கியிருந்தால் எனக்கு ஒரு பைசாவும் செலவாகியிருக்காது.

கட்டற்ற இயங்குதளங்களை ஒப்பிடும்போது முதலில் வரும் எண்ணான விலை எதற்கும் உதவாது. டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச், ஸ்லாக்வேர், ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி எல்லாவற்றுக்கும் ரூ. 0. வேறுபாடு கிடப்பது மாதக் கணக்கில்: ஒரு பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தம் எத்தனை மாதம் வரும், அது தீர்ந்ததும் அடுத்த படிக்கு ஏற எவ்வளவு நேரம் போகும்.

முதலில் ஆதரவுக் காலம். உபுண்டுவின் இடைக்காலப் பதிப்புக்கு 9 மாதம். ஓபன்பிஎஸ்டிக்கு 12 மாதம். ஃபெடோராவுக்குச் சுமார் 13 மாதம். டெபியனுக்கு 36 மாத முழு ஆதரவும் 24 மாத நீட்டிப்பும், ஆக 60. உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புக்கும் 60. தனிநபர்கள் 5 கணினிகள் வரை கட்டணமின்றிப் பெறும் உபுண்டு ப்ரோவில் அது 120. ரெட்ஹேட்டின் அடியொற்றி வரும் அல்மாலினக்ஸுக்கு 120. குறைந்ததற்கும் கூடியதற்கும் இடைவெளி 13 மடங்கு.

இதைப் படிகளாக மாற்றிப் பார்க்கலாம். 2015-இல் நிறுவிய ஒரு கணினியை 2025 வரை நடப்புப் பதிப்பிலேயே வைத்திருக்க எத்தனை முறை அப்கிரேடு செய்ய வேண்டும்? டெபியன் 8-இலிருந்து 13 வரை 5 முறை. நடுவில் ஒன்றைத் தாண்ட அனுமதியில்லை. உபுண்டு 14.04-இலிருந்து 24.04 வரை, நீண்டகாலப் பதிப்புகள் வழியாக, அதுவும் 5. ஃபெடோரா 22-இலிருந்து 42 வரை 20 பதிப்புகள். இரண்டிரண்டாகத் தாண்டலாம் என்பதால் 10 முறை. ஓபன்பிஎஸ்டி 5.7-இலிருந்து 7.7 வரை சரியாக 20, தாண்ட வழியில்லை. ஃப்ரீபிஎஸ்டி 10-இலிருந்து 14 வரை பெரிய படிகள் 4, இடையில் வரும் சிறு பதிப்புகள் தனி. ஸ்லாக்வேர் 14.1-இலிருந்து 15.0 வரை 2 மட்டும். 14.2 வந்தது 2016 ஜூன் 30, 15.0 வந்தது 2022 பிப்ரவரி 2. இடையே 67 மாதம். ஆர்ச்சில் படியே கிடையாது, ஆறு மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும்.

20 என்பது மிரட்டும் எண்தான், ஆனால் என் நோட்டுப்புத்தகக் கணக்கு வேறு சொல்கிறது. டெபியன் அப்கிரேடு ஒன்றுக்குச் சராசரி 4 மணி நேரம் எழுதி வைத்திருக்கிறேன்: பேக்கப், குறிப்பு வாசிப்பு, பதிவிறக்கம், மாறிப்போன அமைப்புக் கோப்புகளைச் சரிசெய்வது. 5 முறைக்கு 20 மணி நேரம். ஃபெடோராவுக்கு ஒன்றரை மணி நேரம். 10 முறைக்கு 15. ஓபன்பிஎஸ்டியில் 2019 அக்டோபரில் வந்த 6.6 பதிப்பு முதல் சிஸ்அப்கிரேடு என்ற ஒரே கட்டளை போதும். எனக்கு 25 நிமிடம். இருபதுக்கும் அதே வீதம் போட்டால் 500 நிமிடம், அதாவது 8 மணி 20 நிமிடம். ஆர்ச்சுக்கு வாரம் 10 நிமிடம் வீதம் 520 வாரத்துக்கு 5,200 நிமிடம்: 86 மணி 40 நிமிடம். மற்றவற்றிலும் வாராந்தரத் திருத்தங்கள் உண்டு. அவற்றைத் தானாக ஓடவிட்டுவிடுகிறேன். ஆர்ச்சை அப்படி விட எனக்குத் துணிவில்லை, அதன் செய்திப் பக்கத்தைப் பார்த்த பிறகே எண்டரைத் தட்டுவேன். இவை ஒருவன் கையின் வேகம், அவ்வளவே. ஆனாலும் வரிசை கவனிக்கத்தக்கது: அதிகப் படி ஏறியவன் மொத்தத்தில் குறைந்த நேரம் செலவிட்டிருக்கிறான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் 25 நிமிடம் உட்காரக்கூடியவருக்கு ஓபன்பிஎஸ்டி மலிவு. உட்கார மாட்டோம் என்று தெரிந்தவருக்கு டெபியன்.

மாதக் கணக்கு வாக்குறுதியைப் பொறுத்தது. ரெட்ஹேட்டின் அடியொற்றி வந்த சென்ட்ஓஎஸ் 8 வெளியானது 2019 செப்டம்பர் 24. அதன் ஆதரவு 2029 மே வரை என்று சொல்லப்பட்டிருந்தது: 116 மாதம். 2020 டிசம்பர் 8-இல் வந்த அறிவிப்பு அதை 2021 டிசம்பர் 31-உடன் முடித்தது: 27 மாதம். சொன்னதில் 23% மட்டும் கிடைத்தது. அதற்கு முந்தைய சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30 வரை சொன்னபடி திருத்தம் வந்தது. பழைய பதிப்பிலேயே இருந்தவர், புதியதற்கு மாறியவரைவிட 30 மாதம் கூடுதலாக ஆதரவு பெற்றார். அனுபவசாலிகள் புதுப் பதிப்புக்கு உடனே பாயாததை மற்றவர் சோம்பல் என்பார்கள். இந்த இடத்தில் அந்தச் சோம்பலின் மதிப்பு 30 மாதம்.

அடுத்தது சரக்கு. டெபியன் 1.1-இல், 1996 ஜூனில், 474 பேக்கேஜ்கள். டெபியன் 13-இல் 69,830. 29 ஆண்டில் 147 மடங்கு. ஆனால் வேகம் தணிந்துவிட்டது: 2019-இல் வந்த டெபியன் 10-இன் 57,703-இலிருந்து கணக்கிட்டால் ஆறு ஆண்டில் வளர்ச்சி 21% மட்டும். ஃப்ரீபிஎஸ்டியின் போர்ட்ஸ் தொகுப்பில் 30,000-க்கு மேல். ஓபன்பிஎஸ்டியில் 12,000-ஐ ஒட்டி. டெபியன் ஆறு மடங்கு பெரியது என்று இதைப் படிக்கக் கூடாது. டெபியன் ஒரே மென்பொருளைத் துண்டு துண்டாக வெட்டி வைக்கிறது: ஆவணம் தனி, நிரலாளருக்கான கோப்புகள் தனி, ஒவ்வொரு மொழியின் இடைமுகமும் தனி. லிப்ரெஆபிஸின் தமிழ் இடைமுகம் அங்கே தனிப் பேக்கேஜ். என் கணினியில் நிறுவியிருப்பவை 2,143, கிடைப்பதில் 3.1%. மீதி 96.9% எனக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், நான் தேடுவது அதில் இல்லாமற்போகும் நாள் வரை.

அந்த நாளுக்கும் ஒரு எண் உண்டு. டெபியன் 13-இல் 14,100-க்கு மேல் புதிதாக வந்தன. 8,840-க்கு மேல் நீக்கப்பட்டன. டெபியன் 12-இன் 64,419-இல் நீங்கியவை 13.7%, ஏறத்தாழ ஏழில் ஒன்று. டெபியன் 12 வந்தபோது நீங்கியவை 6,296, அதாவது 10.6%. டெபியன் 11 வந்தபோது 9,519, அதாவது 16.5%. நிலையானது என்று பெயரெடுத்த வழங்கலிலேயே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பத்தில் ஒன்றுக்கு மேல் வெளியேறுகிறது. இங்கே இரண்டு எச்சரிக்கை. நீங்கியவற்றில் பல, பெயரில் பதிப்பெண் மாறிய நூலகங்கள். புது எண்ணுடன் மறுபடி வந்துவிடும். மற்றொன்று, 64,419-உடன் 14,100 கூட்டி 8,840 கழித்தால் 69,679; அறிவித்த மொத்தத்துடன் 151 உதைக்கிறது. 'மேல்' என்று முடியும் இரண்டு எண்களைக் கூட்டிக் கழித்தால் இப்படித்தான் ஆகும்.

பேக்கேஜைவிட நிரல்வரி நேர்மையான அளவு என்பார்கள். டெபியன் 12-இல் 1,34,15,64,204 வரிகள், 13-இல் 1,46,32,91,186. கூடியது 12,17,26,982 வரி, 9.1%. இரண்டு வெளியீட்டுக்கும் இடையே 791 நாள். நாளொன்றுக்கு 1,53,890 வரி. 1991-இல் வந்த லினக்ஸ் கெர்னல் 0.01 மொத்தமே 10,239 வரிதான். அப்படிப் பதினைந்து கெர்னல் ஒவ்வொரு நாளும் வந்து சேர்ந்ததற்குச் சமம். இவ்வளவையும் யார் படிக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

இந்த வரிகளை யாரேனும் சம்பளம் கொடுத்து எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. 2001-இல் டேவிட் வீலர் ரெட்ஹேட் 7.1-ஐ எண்ணினார்: 3 கோடி வரி, 8,000 ஆள்-ஆண்டு, 100 கோடி டாலருக்கு மேல். அதே முறையில் டெபியன் 2.2-க்கு 5.5 கோடி வரி, 14,005 ஆள்-ஆண்டு, 190 கோடி டாலர். 2008-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் ஃபெடோரா 9-ஐ எண்ணியது: 20.45 கோடி வரி, 1,080 கோடி டாலர். வரிக்கு விலை போட்டால் டெபியன் 2.2-க்கு 34.5 டாலர், ஃபெடோரா 9-க்கு 52.8 டாலர். நான் ரூ. 0 கொடுத்து வாங்கியதன் பட்டியல் விலை இது.

இந்தக் கணக்குகளின் அடியில் இருப்பது கோகோமோ என்ற மதிப்பீட்டு முறை. அதற்கு வரி கூடினால் மதிப்புக் கூடும், குறைந்தால் குறையும். 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தின் ஹார்ட்ப்ளீட் ஓட்டை வெளிவந்ததும் ஓபன்பிஎஸ்டிக்காரர்கள் அதைப் பிரித்து லிப்ரெஎஸ்எஸ்எல் தொடங்கினார்கள். முதல் வாரத்திலேயே 90,000-க்கு மேற்பட்ட வரிகளை வெட்டி எறிந்தார்கள். வரிக்கு 34.5 டாலர் என்றால் ஒரே வாரத்தில் 31 லட்சம் டாலர் சொத்தை அழித்தவர்கள் அவர்கள். கழித்ததனால் பயன் உண்டாகும் வேலைக்கு அந்தச் சூத்திரத்தில் இடமில்லை.

கையில் உண்மையாகப் புரண்ட பணம் வேறு அளவு. 2014 ஜனவரியில் ஓபன்பிஎஸ்டி திட்டம், தன் கணினிகளை ஓட்டும் மின்கட்டணத்துக்கு 20,000 டாலர் இல்லையென்றால் கடை மூட வேண்டியிருக்கும் என்று கைநீட்டியது. பணம் வந்தது, திட்டம் நிலைத்தது. 190 கோடியை 20,000-ஆல் வகுத்தால் 95,000. ஒரு வழங்கலின் காகித மதிப்புக்கும் இன்னொன்றின் மின்கட்டண ரசீதுக்கும் உள்ள தூரம் அது. அதே 2014-இல் வெளியே தெரியவந்த மற்றோர் எண் இன்னும் சிறியது: உலகின் வலைப் போக்குவரத்தில் பெரும்பங்கைக் காத்த ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு ஆண்டு நன்கொடை சுமார் 2,000 டாலர். மாதத்துக்கு 167 டாலர்.

படிப்பவர் யார் என்ற கேள்விக்கு வருவோம். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர், டெபியனின் சோதனை வரிசையில் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு தாமதமாவதைப் பின்தொடர்ந்து போய், எக்ஸ்இசட் என்ற சுருக்கு நூலகத்தில் புதைத்து வைத்த பின்வாசலைக் கண்டதாக அறிவித்தார். தாமதம் 0.299 வினாடியிலிருந்து 0.807 வினாடிக்கு: 0.508 வினாடி. பின்வாசல் இருந்த 5.6.0 பதிப்பு வெளியானது பிப்ரவரி 24. அம்பலமாகும்வரை 34 நாள். அந்த 34 நாளில் அது டெபியனின் சோதனை வரிசைகளுக்கும், ஃபெடோராவின் முன்னோட்ட வரிசைக்கும், ஓபன்சூசே டம்பிள்வீடுக்கும், ஆர்ச்சுக்கும் போய்விட்டது. ஆர்ச்சில் எஸ்எஸ்ஹெச் அந்த நூலகத்துடன் பிணைக்கப்படாததால் வாசல் திறக்கவில்லை. டெபியனின் நிலைப் பதிப்பில் அன்றிருந்தது 5.4.1. பழசு என்று கேலி செய்யப்படும் பதிப்பெண். ஓபன்பிஎஸ்டியையும் அது தொடவில்லை. ஒரு நிகழ்வை வைத்து விதி எழுத முடியாது. பழைய பதிப்பிலும் பழைய ஓட்டைகள் உண்டு. ஆனால் 'புதியதே பாதுகாப்பு' என்பவருக்கு 34 நாளையும், 'பல கண் பார்க்கிறது' என்பவருக்கு அரை வினாடியையும் காட்டலாம்.

ஓபன்பிஎஸ்டி தன் முகப்பில் எழுதி வைத்திருக்கும் எண் 2: இயல்பான நிறுவலில், வெளியிலிருந்து நுழையக்கூடிய ஓட்டைகள் இத்தனை காலத்தில் இரண்டே. ஒன்று 2002-இல், மற்றொன்று 2007-இல். திட்டம் தொடங்கியது 1995 அக்டோபர். 30 ஆண்டுக்கு 2 என்றால் 15 ஆண்டுக்கு ஒன்று. 'இயல்பான நிறுவலில்' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. அந்த நிலையில் வெளியே கேட்கும் சேவைகள் மிகக் குறைவு. 12,000 பேக்கேஜ்களில் ஒன்றை நிறுவிய நொடியே கணக்கு வேறாகிவிடும்.

அளவைப் பற்றிச் சுருக்கமாக. 2004 அக்டோபரின் உபுண்டு 4.10 ஒரே சிடி, 24.04-இன் நிறுவல் கோப்பு சுமார் 6 ஜிபி. 650 மெகாபைட் என்று வைத்தால் 9 மடங்கு. ஆனால் 256 கிலோபிட் இணைப்பில் அந்தச் சிடியை இறக்க 5 மணி 38 நிமிடம் ஆகும். இன்றைய 100 மெகாபிட் இணைப்பில் 6 ஜிபிக்கு 8 நிமிடம். சுமை 9 மடங்கு கூடி, காத்திருப்பு 42-இல் ஒன்றாகக் குறைந்தது. அப்போது உபுண்டு தன் செலவில் தபாலில் சிடி அனுப்பியது, 2011-இல் நிறுத்தும்வரை. உறையைப் பிரிக்கும்போது வரும் பிளாஸ்டிக் வாசனை எந்த அட்டவணையிலும் ஏறாது. எதிர்த்திசையில் போகிறவர்களும் உண்டு: அல்பைன் லினக்ஸின் குறைந்தபட்ச நிறுவலுக்கு வட்டில் 130 மெகாபைட் போதும், கண்டெய்னர் என்றால் 8 மெகாபைட். டேம் ஸ்மால் லினக்ஸ் முன்பு தனக்கு விதித்துக்கொண்ட வரம்பு 50 மெகாபைட். 2024-இல் மீண்டு வந்தபோது 700. சிறிதாக இருப்பதையே தொழிலாகக் கொண்டவருக்கும் 14 மடங்கு.

நிறுவன அளவில் மிச்சக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதற்கு நம் பக்கத்து மாநிலம் எடுத்துக்காட்டு. கேரளத்தின் கைட் அமைப்பு 2019-இல் சொன்னது: 2 லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் கட்டற்ற மென்பொருள், மிச்சம் ரூ. 3,000 கோடி. வகுத்தால் கணினிக்கு ரூ. 1.5 லட்சம். இயங்குதளம் ஒன்றுக்கு யாரும் அவ்வளவு கொடுப்பதில்லை. ஒவ்வொரு கணினியிலும் இருக்கும் மற்றப் பயன்பாடுகள் அனைத்துக்கும் தனியுரிம மாற்றை வாங்கினால் ஆகும் விலையைச் சேர்த்த கணக்கு அது. அப்படி வாங்கியிருப்பார்களா என்பது வேறு. மிச்சத்தை நான் மறுக்கவில்லை, அதன் பெரும்பகுதி இயங்குதளத்துக்கு வெளியே என்று மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

கடைசியாக 32-பிட் கணினிகள். ஆர்ச் அவற்றை 2017-இல் கைவிட்டது. உபுண்டு அதே ஆண்டு மேசைக்கணினிக் கோப்பை நிறுத்தியது. ஃபெடோரா 2019-இல் 31-ஆம் பதிப்புடன். டெபியன் 13 முதல் 32-பிட் பிசியில் புதிதாக நிறுவ முடியாது. ஃப்ரீபிஎஸ்டி 2025 டிசம்பரின் 15.0-உடன் விட்டது, 14-ஆம் வரிசைக்கு 2028 நவம்பர் வரை திருத்தம் வரும். ஓபன்பிஎஸ்டியும் நெட்பிஎஸ்டியும் இன்னும் விடவில்லை.

என் மச்சினனின் அரிசி மண்டியில் ஒரு நெட்புக் இருக்கிறது. 2008-இல் வந்த ஆட்டம் என்270, 1.6 கிகாஹெர்ட்ஸ், 1 ஜிபி நினைவகம், 32-பிட் மட்டும். வெர்ஷன் என்று பார்த்தால் டெபியன் 12. அதில் லிப்ரெஆபிஸ் கால்க் ஒன்றுதான் திறந்திருக்கும், விசைப்பலகையின் வலது ஓரத்தில் 'ஷிஃப்ட்' விசையின் எழுத்து தேய்ந்து போயிருக்கும். டெபியன் 12-க்கு நீட்டித்த ஆதரவு 2028 ஜூன் 30 வரை. 13 வெளியான அன்றிலிருந்து எண்ணினால் 34 மாதம். அது முடியும்போது அந்தச் சில்லுக்கு வயது 20.

டெபியன் 13 வந்த வாரம் மண்டிக்குப் போயிருந்தேன். "அத்தான், இது இன்னும் எத்தன நாளைக்கு ஓடும்?" என்று கேட்டான்.

"மென்பொருளுக்கு 34 மாசம் இருக்கு மாப்ள. பேட்டரிக்கு 20 நிமிஷம்."

சார்ஜரைச் செருகிவிட்டு, அன்று இறங்கிய 43 மூட்டையின் கணக்கை அடிக்கத் தொடங்கினான்.